யோபுவின் பொறுமை: ஓர் ஆங்கில மரபுத்தொடர் பிறந்த கதை

ஒருவரது பொறுமையை உச்சத்தில் வைத்துப் புகழ வேண்டுமென்றால் ஆங்கிலம் பேசுவோர் 'தி பேஷன்ஸ் ஆஃப் ஜோப்' என்பார்கள். யோபுவின் பொறுமை என்று பொருள். படுத்த படுக்கையாகிவிட்ட தாயைப் பல ஆண்டுகள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ளும் மகளையும், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தும் குரல் உயர்த்தாத ஆசிரியரையும் பற்றிப் பேசும்போது இத்தொடர் இயல்பாக வந்து விழும். ஒருவருடைய நச்சரிப்போ ஓர் அலுவலகத்தின் இழுத்தடிப்போ எல்லை மீறிப் போனால், 'இது யோபுவின் பொறுமையையே சோதித்துவிடும்' என்று அலுத்துக்கொள்வதும் உண்டு. எழுத்தில் பார்த்தால் இந்தப் பெயரும், வேலையைக் குறிக்கும் 'ஜாப்' என்ற சொல்லும் ஒன்றுபோலவே இருக்கும். பெயரைச் சொல்லும்போது மட்டும் ஓகாரத்தை நீட்டி 'ஜோப்' என்று ஒலிக்க வேண்டும்.

எபிரேய வேதத்தில், அதாவது கிறித்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் பகுதியில் உள்ள யோபு புத்தகத்திலிருந்து இத்தொடர் வந்தது என்று அகராதிகள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அது தவறில்லை என்றாலும், அந்த வரியை மட்டும் நம்பி அப்புத்தகத்தைத் திறப்பவர் திகைத்துப்போவார். முதல் இரண்டு அதிகாரங்களில் எவ்வளவு இழந்தும் கடவுளை வாழ்த்துகிற ஒருவரைப் பார்க்கிறோம். மூன்றாம் அதிகாரத்தின் முதல் வரியிலேயே அவர் வாய் திறந்து, தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அங்கிருந்து ஏறத்தாழ முப்பது அதிகாரங்கள் வரை அவர் வாதாடுகிறார், குற்றஞ்சாட்டுகிறார், வழக்குக்கு அழைக்கிறார். பொறுமைக்கு இலக்கணமாக ஆங்கிலம் கொண்டாடும் மனிதர் தம் சொந்தப் புத்தகத்தின் பெரும்பகுதியில் பொறுமை இழந்தவராகவே நிற்கிறார் என்றால், இந்த மரபுத்தொடர் எப்படித்தான் பிறந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடினால் பழைய வழிகள் பல திறக்கின்றன.

முதலில் கதையைப் பார்ப்போம். ஊத்ஸ் என்னும் நாட்டில் யோபு என்றொரு செல்வர் இருந்தார். அவருக்கு 7 மகன்கள், 3 மகள்கள். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள். நேர்மையானவர், தீமைக்கு விலகி நடப்பவர். கடவுளின் சபையில் ஒரு நாள் சாத்தான் வந்து நிற்கிறான். யோபுவைப் போல் ஒருவன் பூமியில் இல்லை என்று கடவுள் பெருமையாகச் சொல்ல, அவன் சும்மாவா உமக்கு அஞ்சி நடக்கிறான், அவனையும் அவன் வீட்டையும் சுற்றி நீர் வேலி போட்டுக் காத்து வருகிறீர், அதையெல்லாம் எடுத்துவிட்டால் உம் முகத்துக்கு நேரே சபிப்பான் என்கிறான் சாத்தான். கைம்மாறு எதிர்பாராத பக்தி என்று ஒன்று உலகில் உண்டா என்பதே அங்கே எழுப்பப்படும் கேள்வி. பொறுமை என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லை.

பிறகு ஒரே நாளில் நான்கு செய்திகள் வந்து சேர்கின்றன. மாடுகளையும் கழுதைகளையும் சபேயர் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆடுகளை வானத்திலிருந்து விழுந்த நெருப்பு எரித்தது. ஒட்டகங்களைக் கல்தேயர் மூன்று கூட்டமாக வந்து கொள்ளையிட்டார்கள். மூத்த அண்ணன் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் விருந்துண்டுகொண்டிருந்தபோது, வனாந்தரத்திலிருந்து எழும்பிய பெருங்காற்று வீட்டின் நான்கு மூலையிலும் மோதி, வீடு அவர்கள்மேல் விழுந்தது. ஒருவன் பேசி முடிக்குமுன்பே அடுத்தவன் வந்து நிற்கிறான். நான் ஒருவன் மட்டும் தப்பி வந்தேன் என்று ஒவ்வொருவனும் சொல்கிறான். யோபு எழுந்து, மேலாடையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்து வணங்கிச் சொன்ன சொற்களைத் தமிழ்க் கிறித்தவ வீடுகளில் இழவுக்கு வருவோர் இன்றும் சொல்லக் கேட்கலாம்: 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.' இரண்டாவது சோதனையில் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொடிய பருக்கள் புறப்படுகின்றன. அவர் சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து உடம்பைச் சுரண்டிக்கொள்கிறார். இன்னும் ஏன் உத்தமத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர், கடவுளைத் தூஷித்து உயிரை விடும் என்று மனைவி சொல்ல, நன்மையைப் பெற்ற நாம் தீமையையும் பெற வேண்டாமா என்று பதில் சொல்கிறார்.

மரபுத்தொடர் நினைவில் வைத்திருக்கும் யோபு இவர்தான். கதை இங்கே முடிந்திருந்தால் அத்தொடருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்து, அவருடைய நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூவரும் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். தூரத்தில் அவரைப் பார்த்தபோது அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. உரக்க அழுது, ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேதனை மிகப் பெரிது என்று கண்டதால் ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த நண்பர்கள் செய்த காரியங்களில் குறை சொல்ல முடியாதது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துக்க வீட்டுக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி அந்த நூலில் வேறில்லை.

அந்த மௌனத்தை உடைப்பவர் யோபு. தாம் பிறந்த நாள் அழிந்து போகட்டும், 'ஆண்பிள்ளை' என்று சொல்லப்பட்ட அந்த இரவை இருள் பிடித்துக்கொள்ளட்டும், கருவிலேயே ஏன் சாகாமல் போனேன் என்கிறார். பிறகு அவர் பேச்சு கடவுளை நோக்கித் திரும்புகிறது. 'என்மேல் காவல் வைக்கிறீரே, நான் என்ன கடலா, கடல் விலங்கா' என்று கேட்கிறார். எச்சில் விழுங்கும் நேரம்கூட என்னைச் சும்மா விடமாட்டீரா என்கிறார். படுக்கை ஆறுதல் தரும் என்று போய்ப் படுத்தால் கனவுகளால் கலங்கடிக்கிறீர் என்கிறார். நல்லவனையும் கெட்டவனையும் ஒன்றாகவே அழிக்கிறவர் என்று சொல்லவும் தயங்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே இருவர்மேலும் கை வைத்து நியாயம் பேச ஒரு மத்தியஸ்தன் இல்லையே என்பதே அவருடைய பெருங்குறை. ஆறாம் அதிகாரத்தில், காத்திருக்க எனக்கு என்ன பலம் இருக்கிறது, நான் என்ன கல்லா, என் உடம்பு என்ன வெண்கலமா என்கிறார். இருபத்தோராம் அதிகாரத்தில், நான் ஏன் பொறுமை இழக்கக் கூடாது என்றே நேருக்கு நேர் கேட்டுவிடுகிறார்.

நண்பர்களின் வாதம் மூவர் வாயிலும் ஒன்றேதான். கடவுள் நீதியுள்ளவர், துன்பம் பாவத்துக்குக் கூலி, ஆகவே நீ பாவம் செய்திருக்கிறாய், அடங்கி, ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேள். எலிப்பாஸ் முதலில் மென்மையாகத்தான் தொடங்குகிறார். பில்தாத், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் செத்தார்கள் என்கிற அளவுக்குப் போகிறார். பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்தவரிடம் சொல்லப்பட்ட சொல் அது. இருபத்திரண்டாம் அதிகாரத்துக்கு வரும்போது எலிப்பாஸே இல்லாத குற்றங்களைப் புனைந்து அடுக்குகிறார்: தாகத்தில் தவித்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினாய் என்கிறார். வாதத்தைக் காப்பாற்றுவதற்காக மனிதனைக் கைவிடும் இந்த மனப்போக்கை, படிப்படியாக, அத்தனை துல்லியமாகக் காட்டியிருப்பது அந்த நூலின் பெரிய வலிமை. நீங்கள் எல்லாரும் காரியத்துக்கு உதவாத வைத்தியர்கள் என்று யோபு அவர்களைச் சாடுகிறார்; கடவுளுக்காக வக்காலத்து வாங்குவதாக நினைத்துக்கொண்டு பொய் பேசுவீர்களா என்றும் கேட்கிறார். கடைசியில், இதோ என் கையெழுத்து, எல்லாம் வல்லவர் எனக்குப் பதில் சொல்லட்டும் என்று சவால் விட்டு நிறுத்துகிறார்.

இளையவரான எலிகூ என்ற நான்காமவர் நீண்ட உரை ஒன்றை நிகழ்த்திய பின், பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். யோபு ஏன் துன்பப்பட்டார் என்பதற்கு அந்தப் பேச்சில் விடை இல்லை. பரலோகத்தில் நடந்த பந்தயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்பதில் தொடங்கிப் பனிக்கட்டி, விண்மீன், சிங்கம், காட்டுக்கழுதை, தீக்கோழி, போர்க்குதிரை, கழுகு என்று கேள்விகளாக விரிந்து, பிகெமோத், லிவியாதான் என்னும் பேருயிர்களில் வந்து நிற்கிறது. யோபு கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். நூலின் தீர்ப்பு என்று சொல்லத்தக்கது அதற்குப் பிறகுதான் வருகிறது. எலிப்பாஸைப் பார்த்துக் கடவுள், என் தாசனாகிய யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை, உங்கள்மேல் எனக்குக் கோபம் என்கிறார். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியிட்டு, யோபு அவர்களுக்காக வேண்டிக்கொண்டால்தான் மன்னிப்பு. அடங்கிப் போ என்று உபதேசித்தவர்கள் குற்றவாளிகளாகிறார்கள். கத்தியவர் சரியாகப் பேசினார் என்று சான்று பெறுகிறார்.

பிறகு 14,000 ஆடுகள், 6,000 ஒட்டகங்கள், 1,000 ஏர் மாடுகள், 1,000 கழுதைகள் என்று இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பி வருகின்றன. மீண்டும் 7 மகன்கள், 3 மகள்கள். மகள்களுக்கு எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று பெயர். அவர்களுக்கும் சகோதரர்களோடு சொத்தில் பங்கு தரப்படுகிறது. யோபு மேலும் 140 ஆண்டுகள் வாழ்ந்து நான்கு தலைமுறைகளைக் கண்டார் என்று நூல் முடிகிறது.

42 அதிகாரங்கள் கொண்ட இந்நூலின் தொடக்கமும் முடிவும் உரைநடை. இடையில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்கக் கவிதை. முன்னரே வழங்கி வந்த ஒரு பக்திக் கதையை எடுத்து, அதன் நடுவே ஒரு மாபெரும் கவிஞர் தம் வாதத்தைப் பொருத்தினார் என்பது அறிஞர்களிடையே பரவலாக உள்ள கருத்து. அந்தக் கவிதை பெரும்பாலும் கி.மு. 6 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்திருக்கும் என்கிறார்கள். யோபு என்ற பெயர் அந்நூலுக்கு வெளியிலும் அறியப்பட்டிருந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் எசேக்கியேல் தீர்க்கதரிசி, நோவா, தானியேல், யோபு ஆகிய மூவரையும் ஒரே மூச்சில் நீதிமான்கள் என்று குறிப்பிடுகிறார். அங்கேயும் அவர் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக வரவில்லை. நீதிக்கு எடுத்துக்காட்டாகவே வருகிறார். அப்படி ஒருவர் வாழவேயில்லை, அது ஓர் உவமை என்று யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் ஒரு ரபி, அதாவது யூத மத ஆசிரியர், சொல்லும் அளவுக்கு, யூத மரபு இந்நூலை வெளிப்படையாகவே விவாதித்து வந்திருக்கிறது.

யோபுவின் பெயரோடு பொறுமையை நமக்குத் தெரிந்தவரை முதலில் இறுகக் கட்டிய வரி புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. யாக்கோபு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், ஐந்தாம் அதிகாரம், பதினோராம் வசனம்: 'யோபின் பொறுமையைக் குறித்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்.' கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று அவர் சொல்வதிலிருந்தே, அன்றைய மக்கள் வாயில் அந்தக் கதை ஏற்கெனவே உலவியது தெரிகிறது. இந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில வரிகளுக்கு முன்னால் அதே யாக்கோபு, வயலை அறுத்த கூலியாட்களுக்குக் கூலி கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும் பணக்காரர்களைக் கடிந்து, அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். பிறகு, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவனைப் போல் பொறுத்திருங்கள் என்று ஆறுதல் சொல்கிறார். உழவனைப் பற்றிச் சொல்லும்போது அவர் எடுக்கும் கிரேக்கச் சொல் மாக்ரோத்துமியா. சினம் கொள்ளாமல் நெடுநாள் பொறுத்திருத்தல் அதன் பொருள். யோபுவுக்கு வரும்போது சொல் மாறுகிறது. ஹுப்பொமொனே என்கிறார், பாரத்துக்குக் கீழே இடம் பெயராமல் நிற்றல் என்று அதற்குப் பொருள். இந்த இரண்டு சொற்களும் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'பேஷன்ஸ்' என்ற ஒரே சொல்லில் கலந்துவிட்டன. 1526இல் வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலும், 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசரின் மொழிபெயர்ப்பிலும் அதே சொல்தான். ஆங்கில மரபுத்தொடரின் சொல்வடிவம் இந்த வசனத்திலிருந்து வந்தது.

யாக்கோபு நிருபம் எழுந்த காலத்தை ஒட்டி, கிரேக்க மொழி பேசிய யூதர்களிடையே 'யோபுவின் சாசனம்' என்றொரு நூலும் வழங்கியது. அதில் வரும் யோபு எகிப்தின் அரசர். விக்கிரகக் கோயில் ஒன்றை இடித்ததற்காகச் சாத்தானின் பகையைத் தேடிக்கொள்கிறார். என்ன நேரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு துன்பத்தை ஏற்கிறார். மனைவி சித்திதோஸ் மூன்று அப்பங்களுக்காகத் தன் கூந்தலைச் சாத்தானிடமே விற்கிறாள். புண்ணில் நெளியும் புழு ஒன்று கீழே விழுந்தால், யோபு அதைக் குனிந்து எடுத்து, உனக்குக் கட்டளை வரும் வரை உன் இடத்திலேயே இரு என்று சொல்லித் திரும்ப உடம்பில் விடுகிறார். முடிவில் சாத்தான் மல்யுத்தத்தில் தோற்றவனைப் போல் அழுதுகொண்டு விலகிப் போகிறான். பொறுமை எல்லாவற்றையும்விட மேலானது என்று யோபு தம் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். எபிரேயக் கவிதையின் சீற்றம் இங்கே கிட்டத்தட்டத் துடைக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பா நினைவில் வைத்திருந்த யோபுவின் சாயல், எபிரேய மூலத்தைக் காட்டிலும் இந்தப் புழுக் கதைக்கே நெருக்கமாக இருக்கிறது.

இலத்தீன் கிறித்தவம் அந்தச் சாயலை நிலைநிறுத்தியது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புருடென்ஷியஸ் என்ற கவிஞர் எழுதிய 'சைக்கோமாக்கியா' என்னும் நூலில், நற்குணங்களும் தீக்குணங்களும் பெண் வீரர்களாகப் போரிடுகின்றன. பொறுமை அசையாமல் நிற்கிறாள். சினம் அவள் தலைக்கவசத்தில் ஓங்கி வெட்ட, வாள் உடைந்து சிதறுகிறது. ஆத்திரம் தாளாமல் சினம் தன்னையே குத்திக்கொண்டு சாகிறாள். அந்தப் போர்க்களத்தில் பொறுமையின் பக்கத்திலேயே நடந்து வருபவர் யோபு. ஆறிப்போன தழும்புகளை எண்ணிப் பார்த்துப் புன்னகைக்கிறார். இங்கிலாந்தின் மடாலயங்களில் படம் வரைந்து படியெடுக்கப்பட்ட நூல்களில் இதுவும் ஒன்று.

6ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்னாளில் போப்பான முதலாம் கிரகோரி, யோபு புத்தகத்துக்கு 35 பகுதிகள் கொண்ட விரிவுரை எழுதினார். நோயாளியான அவர், அடிபட்ட யோபுவை அடிபட்டவனே விளக்க வேண்டும் என்பது கடவுளின் சித்தமாக இருக்கலாம் என்று அதன் முன்னுரைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். யோபுவின் கோபச் சொற்களை அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளாமல் உருவகமாக்கி, கிறிஸ்துவின் குரலாகவும் திருச்சபையின் குரலாகவும் விளக்கினார். இடைக்கால ஐரோப்பாவில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட உரைகளுள் அதுவும் ஒன்று.

ஆனாலும் கத்துகிற யோபுவின் குரலும் அடியோடு அமுங்கிப் போகவில்லை. இறந்தோருக்காகத் தேவாலயங்களில் ஓதப்பட்ட இலத்தீன் வழிபாட்டில் ஒன்பது வாசகங்கள் யோபு புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் பொறுமையான முதல் இரண்டு அதிகாரங்களிலிருந்து ஒரு வரியும் கிடையாது. என்னை விட்டுவிடும், என் நாட்கள் வெறுமை என்றும், என்னை ஏன் கருப்பத்திலிருந்து வெளியே கொண்டுவந்தீர் என்றும் கவிதைப் பகுதியின் முறையீடுகளே பிணத்தின் தலைமாட்டில் நூற்றாண்டுக்கணக்காக ஓதப்பட்டன. பிரசங்கத்தில் பொறுமையான யோபு, சாவு வீட்டில் அழுகிற யோபு என இருவரையும் ஒரே மக்கள் அறிந்திருந்தார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு எது தேவை என்பதை அந்த வழிபாட்டை அமைத்தவர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் இத்தொடர் டின்டேலுக்கு முன்பே பேச்சு வழக்கில் ஊறிவிட்டது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆல்ஃப்ரிக் என்ற துறவி யோபுவைப் பற்றிப் பழைய ஆங்கிலத்தில் மறையுரை எழுதியிருந்தார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில், பாத் நகரத்துப் பெண்மணி தன் கணவர்களை வாயடைக்க வைத்த விதத்தை விவரிக்கும்போது இத்தொடரை எடுக்கிறாள். யோபுவின் பொறுமையைப் பற்றி இவ்வளவு உபதேசம் செய்கிறீரே, அப்படியானால் நீர்தானே பொறுத்துப்போக வேண்டும் என்று கேட்கிறாள். யோபுவின் பெயரால் பொறுமையைப் போதிப்பவர் யார், பொறுத்துக்கொள்ள வேண்டியவர் யார் என்ற கேள்வி ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அத்தனை கூர்மையாக எழுந்துவிட்டது. அதே நூலின் இன்னொரு கதையில், பிள்ளைகளைப் பிரித்தும் வீட்டைவிட்டுத் துரத்தியும் கணவன் சோதிக்க, எல்லாவற்றையும் தாங்கும் கிரிசெல்டாவைப் பற்றிச் சொல்லும்போது, யோபுவின் பணிவைப் புகழ்ந்து எழுதும் படிப்பாளிகள் பெண்களை அப்படிப் புகழ்வதில்லை, ஆனால் பணிவில் ஓர் ஆண் பெண்ணுக்கு ஈடாக மாட்டான் என்று அந்தக் கதைசொல்லியே ஒப்புக்கொள்கிறான். ஷேக்ஸ்பியர் காலத்தில் இத்தொடர் நகைச்சுவைக்கும் பழகிவிட்டது. அவருடைய 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் தலைமை நீதிபதியிடம் ஃபால்ஸ்டாஃப் என்ற நகைச்சுவைப் பாத்திரம், நான் யோபுவைப் போல் ஏழைதான், ஆனால் அவ்வளவு பொறுமைசாலி இல்லை என்கிறது. கேட்பவர் அனைவருக்கும் கதை தெரியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இப்படி ஒரு வரி எழுத முடியும்.

ஆங்கிலத்துக்கு அப்பால், அரபு மொழியில் 'சப்ரு அய்யூப்' என்பது இன்றும் நாவில் புழங்கும் தொடர். குர்ஆனில் அய்யூப் நபி, தமக்குத் துன்பம் நேர்ந்ததை முறையிட்டு இறைவனைக் கூப்பிடுகிறார். காலால் தரையைத் தட்டச் சொல்லி, குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் அருளப்படுகிறது. 38ஆம் அத்தியாயத்தில், நிச்சயமாக நாம் அவரைப் பொறுமையாளராகக் கண்டோம் என்று இறைவன் கூறுவதாக வருகிறது. முறையிட்டவருக்கே அங்கும் பொறுமையாளர் என்ற பெயர் தரப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். ஓமன் நாட்டின் சலாலாவுக்கு அருகிலுள்ள மலையில் அவருடைய அடக்கத்தலம் என்று ஓர் இடம் போற்றப்படுகிறது. துருக்கியின் உர்ஃபா நகரில் அவர் நோயோடு தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் சோதனையில் இருப்பவரை 'சபுர் செய்யுங்கள்' என்று தேற்றும்போது அய்யூப் நபியை நினைவூட்டுவதும், தமிழ்க் கிறித்தவர்கள் யோபுவைச் சொல்வதும், ஆங்கிலத்தின் வழியாக வராத பழக்கங்கள். அவை நேரே வேதங்களிலிருந்து வந்தவை.

இதே புத்தகம் ஆங்கிலத்துக்கு வேறு தொடர்களையும் தந்திருக்கிறது. ஆறுதல் சொல்ல வந்து வேதனையைக் கூட்டிவிட்டுப் போகிறவரை 'யோபுவின் தேற்றரவாளர்' என்பார்கள். 'நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்று பதினாறாம் அதிகாரத்தில் யோபு சொன்னதிலிருந்து பிறந்தது அது. மயிரிழையில் தப்பினேன் என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் 'பற்களின் தோலளவில் தப்பினேன்' என்பதும் பத்தொன்பதாம் அதிகாரத்து வழக்குதான். ஜெர்மன் மொழியோ யோபுவின் பெயரைக் கெட்ட செய்திக்குச் சூட்டியிருக்கிறது. 'ஹியோப்ஸ்போட்ஷாஃப்ட்', அதாவது யோபுவின் செய்தி என்றால் இடிபோல் வந்து விழும் தகவல். ஒருவன் பேசி முடிக்குமுன் அடுத்தவன் வந்து நின்ற அந்த நான்கு தூதர்களை ஜெர்மானியர் மறக்கவில்லை.

தேற்றரவாளர் என்ற தொடரும் பொறுமை என்ற தொடரும் ஒரே மொழியில் அருகருகே வாழ்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாவது, யோபுவைப் பொறுத்துப்போகச் சொன்னவர்களைக் கண்டிக்கிறது. இரண்டாவது, அவர் பொறுத்துப்போனார் என்று பாராட்டுகிறது. இரண்டையும் சேர்த்து நினைப்பவர்கள் குறைவு. ஒருவர் தாமாகச் சுமந்து நிற்கும் பாரத்தைக் கண்டு, இவருக்கு யோபுவின் பொறுமை என்று மூன்றாமவரிடம் வியந்து சொன்னால் அது நியாயமான புகழ்ச்சி. அதையே துன்பப்படுகிறவரின் முகத்துக்கு நேரே, யோபுவைப் போல் பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டால், சொன்னவர் எலிப்பாஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார். கூலி கிடைக்காத தொழிலாளியிடமும், அடிபட்ட மனைவியிடமும், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடமும் இத்தொடர் அப்படித்தான் பல நேரங்களில் பயன்பட்டிருக்கிறது. யாக்கோபு அந்த வசனத்தை எழுதியதோ, கூலி மறுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றுகொண்டு.

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1791இல் எழுதிய கட்டுரையொன்றில் யோபுவின் பெருமையை வேறோர் இடத்தில் கண்டார். நண்பர்கள் கடவுளின் தயவைப் பெறுவதற்காகத் தாங்கள் அறியாததை அறிந்ததுபோல் பேசினார்கள்; யோபுவோ மனத்தில் உள்ளதை உள்ளபடி பேசினார்; கடவுள் மெச்சியது அந்த நேர்மையைத்தான் என்பது அவர் வாதம். நூலின் கடைசி அதிகாரத்துத் தீர்ப்போடு இது பொருந்திப் போகிறது. பாரத்துக்குக் கீழே இடம் பெயராமல் நிற்றல் என்ற பழைய பொருளோடும் இதற்கு முரண்பாடில்லை. யோபு சபித்தது தாம் பிறந்த நாளைத்தான், கடவுளைச் சபிக்கவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்திவிடவும் இல்லை. ஓயாமல் வழக்குப் பேசியதே அவர் விலகிப் போகவில்லை என்பதற்குச் சான்று.

அண்மைக் கால ஆங்கில வேத மொழிபெயர்ப்புகள் பலவும் யாக்கோபின் அந்த வசனத்தில் 'பேஷன்ஸ்' என்ற சொல்லை விட்டுவிட்டன. சிலவற்றில் விடாமுயற்சி என்ற பொருளிலும், சிலவற்றில் உறுதிப்பாடு, தாங்கும் திறன் என்ற பொருளிலும் சொற்கள் வந்திருக்கின்றன. மூலத்துக்கு அவை நெருக்கமானவையே. ஆனால் மக்கள் பேச்சில் அந்தத் திருத்தம் ஏறவில்லை. செய்தித்தாளிலும் வீட்டுத் திண்ணையிலும் இன்றைக்கும் 'பேஷன்ஸ் ஆஃப் ஜோப்'தான். நானூறு ஆண்டுகளுக்கு மேல் காதில் ஊறிய ஓசை அது. புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்களும் அதைச் சொல்கிறார்கள், கேட்பவருக்கும் உடனே புரிந்துவிடுகிறது.